பாரத்தை இறக்கி வைப்பது: முன்களப் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

108 ஆம்புலன்ஸில் போகிறவர்கள், பெண்களுக்கான 181-க்கும் குழந்தைகளுக்கான 1098-க்கும் வரும் அழைப்புகளை எடுக்கிறவர்கள், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் 'சகி' மையங்களிலும் காப்பகங்களிலும் இரவுப் பணி பார்க்கிறவர்கள், தீக்காயப் பிரிவில் நிற்கிற செவிலியர்கள், கிராம சுகாதார செவிலியர்கள் என்று பலரோடு பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பயிற்சி கொடுக்க வருவதற்கு முன் நானும் ஒரு ஹெல்ப்லைனில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவள்தான். சில பதில்கள் நீளமாக இருக்கும். அவற்றில் பாதி நானே தப்பாகச் செய்து கற்றவை.

டிப்ரீஃபிங், டிப்ரீஃபிங் என்கிறார்களே, அது என்ன?

மனதை உலுக்கிய ஒரு சம்பவத்துக்குப் பிறகு அதில் இருந்தவர்கள் ஓர் ஒழுங்கோடு உட்கார்ந்து, நடந்ததைத் தொட்டுப் பேசி, அது தங்களை என்ன செய்தது என்று பார்த்து, அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுத்து எழுவது. ராணுவத்தில் பணி முடித்துத் திரும்புகிறவர்களிடம் விவரம் கேட்பதற்கு இருந்த சொல், தீயணைப்புத் துறைக்கும் மருத்துவமனைக்கும் பரவியது.

நம் பக்கத்துப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் இன்னொருவரின் கையை எதிர்பார்க்காமல் இறக்கி வைக்கலாம், களைப்பு ஆறியதும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். உயரம் அதற்கேற்றபடி இருக்கும். பல ஊர்களில் அது கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது. பிரசவ கேஸில் தாயை இழந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஈ.எம்.டி.யை, அதாவது ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யும் ஊழியரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல் நினைவுக்கு வரும்.

அதற்குத்தான் டீக்கடை இருக்கிறதே? நாங்கள் அங்கே பேசிக்கொள்கிறோமே?

பேசுங்கள். பைலட்டும் (ஆம்புலன்ஸ் ஓட்டுநரை அப்படித்தான் அழைப்போம்) ஈ.எம்.டி.யும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு டீ குடித்தபடி பத்து நிமிடம் மூச்சு வாங்குவதைவிட நல்ல முதலுதவி குறைவு. அதை யாரும் கெடுக்க வேண்டாம்.

ஆனால் டீக்கடை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு வேலை பார்க்கும் பெண் ஊழியர் அங்கே போய் நிற்க முடியாது. புதிதாகச் சேர்ந்தவர் அந்த வட்டத்துக்குள் வர மாதக்கணக்காகும். பக்கத்து பெஞ்சில் இருக்கிறவர் நோயாளியின் உறவினராகவே இருக்கலாம். இன்னொன்று, அந்தப் பேச்சு சீக்கிரமே "இதென்ன, நான் பார்த்தது தெரியுமா" என்று போட்டியாக மாறும். நாலு பேர் நாலு கோரத்தைச் சொல்ல, வந்ததைவிடக் கனமாக எழுந்து போகிறவரும் உண்டு.

"எல்லாத்தையும் கொட்டிடு, லேசாயிடும்" என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு செய்யப்படும் தவறு இது.

1983-இல் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர், தீயணைப்பு வீரர்களுக்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் ஒரு முறையை முன்வைத்தார். சம்பவம் நடந்து சில நாட்களுக்குள் குழுவாக உட்கார்ந்து, ஏழு கட்டமாகப் பேசுவது: அறிமுகம், என்ன நடந்தது, என்ன நினைத்தோம், எது மிக மோசம், உடலிலும் மனதிலும் என்ன மாற்றம், அதைப் பற்றிய விளக்கம், மீண்டும் வேலைக்குத் திரும்புதல். கேட்க நியாயமாக இருந்தது. உலகம் முழுவதும் பரவியது. பரவிய வேகத்தில், விபத்தில் சிக்கிய நோயாளிகள், கொள்ளையில் மாட்டியவர்கள் என்று எல்லோரிடமும், தனித்தனியாக, ஒரே ஒரு அமர்வாக, சில இடங்களில் கட்டாயமாகவும் நடத்தினார்கள்.

பிறகுதான் சோதித்துப் பார்த்தார்கள். 1997-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், தீக்காயப்பட்டவர்களில் ஒரு பிரிவினரிடம் இப்படிப் பேசினார்கள், இன்னொரு பிரிவினரை விட்டுவிட்டார்கள். 13 மாதம் கழித்துப் பார்த்தபோது பேச வைத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. பேசாத பிரிவில் 9 சதவீதம். பேச வைத்த பிரிவில் தொடக்கத்திலேயே காயம் சற்றுக் கடுமையாக இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்த இன்னொரு ஆய்வும், 2000-இல், அதே திசையைக் காட்டியது. ஆரம்பத்தில் அதிகம் கலங்கியிருந்தவர்களில், பேச வைக்கப்பட்டவர்கள் கலக்கத்திலேயே நின்றார்கள், விட்டுவிடப்பட்டவர்கள் மெல்லத் தேறினார்கள். காக்ரேன் அமைப்பு 2002-இல் இத்தகைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஒரே அமர்வில் தனிநபரைக் கட்டாயமாகப் பேச வைப்பது நோயைத் தடுக்கவில்லை, அதை நிறுத்த வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனமும் இன்று அதற்குப் பதிலாக உளவியல் முதலுதவியைத்தான், அதாவது பேச வற்புறுத்தாமல் அருகில் இருந்து தேவையைக் கவனிப்பதைத்தான் பரிந்துரைக்கிறது.

காரணம் என்னவாக இருக்கும்? உடல் இன்னும் படபடத்துக்கொண்டிருக்கும்போதே காட்சியை அங்குலம் அங்குலமாகத் திரும்ப ஓட்டினால் அது அழிவதற்குப் பதில் ஆழமாகப் பதியலாம். குழுவில் மற்றவர் சொல்லும் காட்சியும் நம் தலைக்குள் ஏறிக்கொள்ளும். புண் ஆறத் தொடங்கும் முன் பொருக்கைப் பிய்ப்பது போல என்று எங்கள் வகுப்பில் ஒரு செவிலியர் சொன்னார். அதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது.

அப்படியானால் பேசவே கூடாதா? வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பதா?

அந்த முடிவுக்குத் தயவுசெய்து போகாதீர்கள். சில நிர்வாகங்கள் மேற்சொன்ன ஆய்வுகளைக் காட்டியே "அதெல்லாம் வேண்டாமாம்" என்று கைகழுவிவிடுகின்றன. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் நோயாளிகளை, தனியாக, ஒரே முறை பேச வைத்ததைப் பற்றியவை. கூடவே வேலை செய்யும் குழு, விருப்பத்தோடு, பழகியவர்கள் நடுவில், கோரக் காட்சிகளைக் கிளறாமல் பேசிக்கொள்வதும், பின்னால் சில வாரங்கள் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வதும் வேறு விஷயம்.

என் அனுபவத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: காட்சியை விவரிக்க வேண்டாம், பாரத்தைச் சொல்லுங்கள். "குழந்தை எப்படிக் கிடந்தது" என்பது காட்சி. "என் பிள்ளை வயசு, வீட்டுக்குப் போய் அவனைத் தூக்க முடியல" என்பது பாரம். இரண்டாவதைச் சொல்ல முதலாவது தேவையே இல்லை.

சம்பவம் முடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

பேச்சைவிட உடலைக் கவனியுங்கள். தண்ணீர், ஏதாவது உணவு, கழிவறை, கை கால் கழுவுதல், கறை படிந்த சீருடையை மாற்றுதல். வண்டியைக் கழுவுவதும் பொருட்களைத் திரும்ப அடுக்குவதும் முடிந்தால் வேறொருவர் கையில் இருக்கட்டும். அடுத்த அழைப்பு உடனே வராமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் அது பெரிய உதவி. முடியாத இடங்களும் உண்டு, தெரியும்.

மேற்பார்வையாளர் செய்ய வேண்டியது ஒரு ஃபோன். "ரிப்போர்ட் எங்கே" என்று தொடங்காமல் "சாப்பிட்டீங்களா? கூட யாரு இருக்கா?" என்று தொடங்கும் ஃபோன். ஷிஃப்ட் முடிந்தவர் கை நடுக்கத்தோடு பைக் ஓட்டிக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போகிறாரா என்றும் பாருங்கள்.

எப்போது உட்கார்ந்து பேசுவது? எவ்வளவு நேரம்?

சம்பந்தப்பட்டவர்கள் குறைந்தது ஒரு முறையாவது தூங்கி எழுந்த பிறகு. மறுநாளோ அதற்கடுத்த நாளோ சரியாக இருக்கும். முக்கால் மணி நேரம் போதும். இரவு ஷிஃப்ட் முடித்தவரை "இருங்க, ஒரு மீட்டிங் இருக்கு" என்று பிடித்து வைப்பது அக்கறையாகாது. பணி நேரத்துக்குள், சம்பளத்தோடு நடக்க வேண்டும்.

அதில் என்ன கேட்பது? "எப்படி ஃபீல் பண்றீங்க" என்றால் எல்லோரும் "ஒண்ணுமில்ல சார்" என்கிறார்களே?

அந்தக் கேள்விக்கு அதைத் தவிர வேறு பதில் வராது. சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். நேற்று தூக்கம் எப்படி? சாப்பாடு இறங்கியதா? அந்த கேஸில் எந்த இடம் இன்னும் மனதில் ஓடுகிறது, விவரம் வேண்டாம், இடத்தை மட்டும் சொல்லுங்கள். கூட இருந்தவர் செய்ததில் எது உங்களுக்கு உதவியாக இருந்தது? இந்த வாரம் எது குறைந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்?

நான்காவது கேள்வியை நான் ஒருபோதும் விடுவதில்லை. "நீங்க என் தோளைத் தொட்டீங்கண்ணே, அப்பத்தான் நான் இங்க வந்தேன்" என்று ஒரு பெண் சொல்ல, இருபது வருடம் வண்டி ஓட்டிய பைலட் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவர் அன்று முழுக்கத் தன்னால் எதுவும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்.

பேச விரும்பாதவர் பேசாமல் உட்காரலாம், எழுந்தும் போகலாம். வர மறுத்தால் பதிவேட்டில் குறிக்கக் கூடாது. கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும்: அடுத்த வாரம் இவரை யார் விசாரிக்கப் போகிறார்கள் என்ற பெயர்.

மேலதிகாரி உட்காரலாமா? யார் நடத்துவது?

நம் அலுவலகங்களில் "நடந்ததைப் பற்றிக் கூடிப் பேசுவோம்" என்றால் ஊழியர் காதில் விழுவது 'மெமோ' என்ற சொல். அது காரணமில்லாத பயமில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு இரவு ஒரு பெண் நாற்பது நிமிடம் லைனில் இருந்து, பேசிக்கொண்டே இருக்கும்போது அழைப்பு அறுந்துபோனது. திரும்ப அழைத்தால் எண் அணைக்கப்பட்டிருந்தது. காலையில் எனக்குக் கிடைத்தது, இவ்வளவு நேரம் ஒரே அழைப்பில் ஏன் இருந்தீர்கள் என்று விளக்கம் கேட்கும் கடிதம். அந்த வருடம் முழுக்க நான் எந்த அழைப்பைப் பற்றியும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆகவே இரண்டையும் இரண்டு நாளில், இரண்டு அறையில் வையுங்கள். வேலையில் எங்கே தாமதம், எந்தக் கருவி இயங்கவில்லை, அடுத்த முறை என்ன மாற்றலாம் என்று பார்ப்பது ஒரு கூட்டம். அது அவசியம், அதில் குறிப்பு எடுக்கலாம். மனப்பாரத்தைப் பேசுவது இன்னொன்று, அதில் பேனாவே வேண்டாம். இரண்டாவதை நடத்துகிறவர் உங்கள் ஆண்டு மதிப்பீட்டை எழுதுகிறவராக இருக்கக் கூடாது. பயிற்சி பெற்ற சக ஊழியர், வேறொரு மையத்தின் ஆற்றுப்படுத்துநர், மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் என்று யாராவது இருக்கலாம். மேலதிகாரிக்கு உண்மையான அக்கறை இருந்தால் அவர் செய்ய வேண்டியது அறையை ஏற்பாடு செய்வது, மாற்று ஆளைப் போடுவது, கதவைச் சாத்திவிட்டு வெளியே போவது.

தோழியிடம், கூட வேலை செய்பவரிடம் சொல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நான் மிகவும் நம்பும் முறை இதில்தான் இருக்கிறது. கனடாவின் ஃபிரான்சுவாஸ் மத்தியூ என்பவர், உதவிப் பணியில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கவனித்து உருவாக்கியது. பாதிப்பைக் குறைத்துப் பகிர்தல் என்று சொல்லலாம். நாலு படி.

முதலில், நீங்கள் ஒரு நாளில் எத்தனை பேரிடம் எத்தனை கோரத்தை யோசிக்காமல் சொல்கிறீர்கள் என்று கவனியுங்கள். ஒரு வாரம் கவனித்தால் நீங்களே திகைப்பீர்கள். அடுத்தது, சொல்வதற்கு முன் எச்சரிக்கை. நாம் சாவுச் செய்தி சொல்லும்போது எடுத்த எடுப்பில் சொல்வதில்லையே, "கொஞ்சம் உட்காரு" என்கிறோமே, அந்த நாகரிகம்தான். மூன்றாவது, அனுமதி. நான்காவது, குறைவாகச் சொல்வது: ஓரத்தில் தொடங்கி, தேவையிருந்தால் மட்டும் உள்ளே போவது. பாதி நேரம் ஓரத்திலேயே பாரம் இறங்கிவிடும்.

பேச்சில் இது எப்படி இருக்கும்? "அக்கா, நேத்து ராத்திரி கேஸ் ஒண்ணு மனசுல கெடந்து உறுத்துது. சின்னப் பிள்ளை சம்பந்தப்பட்டது. இப்பக் கேக்க முடியுமா, இல்ல சாயங்காலம் பேசட்டுமா?" இவ்வளவுதான். அந்த அக்காவும் அன்று காலையில் ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கலாம். "இன்னைக்கு வேண்டாம்மா, என்னால முடியாது. நாளைக்கு நானே கூப்பிடுறேன்" என்று அவர் சொன்னால் அது உங்களை ஒதுக்குவதாகாது. அப்படிச் சொல்ல முடிகிற இடத்தில்தான் "சொல்லு, கேக்குறேன்" என்பதற்கும் மதிப்பு இருக்கும்.

வீட்டில் சொல்லலாமா?

உங்கள் நிலையைச் சொல்லலாம், கேஸைச் சொல்லக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம், முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 228-ஏ என்று இருந்தது. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், சின்ன ஊரில் "பத்தாவது படிக்கிற பொண்ணு, அந்தத் தெரு" என்றாலே போதும், யாரென்று தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்றுமே சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனால், வீட்டில் இருப்பவர் தன்மேல்தான் கோபம் என்று எடுத்துக்கொள்வார். "ஏங்க, இன்னைக்குக் கஷ்டமான நாள். விவரம் சொல்ல முடியாது. அரை மணி நேரம் சும்மா இருக்கேன், அப்புறம் சாப்பிடலாம்." இப்படி ஒரு வாக்கியம் எத்தனையோ சண்டைகளைத் தடுத்திருக்கிறது. வீட்டாரிடம் நான் கேட்டுக்கொள்வது: "இந்த வேலையே வேணாம், விட்டுடு" என்று அந்த நேரத்தில் சொல்லாதீர்கள்.

சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். அந்தப் பழக்கத்தைப் பலரும் ஷிஃப்ட் முடிவுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தலையில் தண்ணீர் விழும்போது 'அது அங்கே முடிந்தது' என்று உடலுக்குப் புரிகிறது என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான்.

சம்பவ இடத்துப் படங்களை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். என்ன செய்வது?

போடக் கூடாது. அது இறந்தவருக்கும் அடிபட்டவருக்கும் செய்யும் அவமரியாதை. அன்று விடுப்பில் வீட்டில் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் சக ஊழியரின் கண்ணில் முன்னறிவிப்பில்லாமல் அதைக் காட்டுவதும் கூட. தானாகப் படம் இறங்குவதை உங்கள் கைபேசியில் இன்றே நிறுத்திவையுங்கள்.

நான் எதையும் பார்க்கவில்லை, ஃபோனில் கேட்டேன், அவ்வளவுதான். எனக்கு எதற்கு இது?

கேட்டவருக்கும் உண்டு. பிறர் துன்பத்தைத் தொடர்ந்து கேட்பவரின் உள்ளே உலகத்தைப் பற்றிய நம்பிக்கையே மாறிப்போவதை மெக்கேன், பேர்ல்மேன் என்ற இரு உளவியலாளர்கள் 1990-இல் விவரித்தார்கள். மகளை டியூஷனுக்கு அனுப்பப் பயப்படுவது, பேருந்தில் பக்கத்தில் உட்காரும் எந்த ஆணையும் சந்தேகமாகப் பார்ப்பது எல்லாம் இதிலிருந்து வரலாம்.

ஃபோனில் வேலை செய்பவருக்கு இன்னொரு கொடுமை, முடிவு தெரியாதது. ஆம்புலன்ஸ் ஊழியர் மருத்துவமனை வாசல்வரை போகிறார். உங்களுக்கு ஒரு 'டொக்' சத்தத்தோடு எல்லாம் நின்றுவிடுகிறது. காது மட்டும் பார்த்தது, மீதியைக் கற்பனை வரைந்துகொள்கிறது, அது நிஜத்தைவிடப் பயங்கரமாகவே வரையும். அதனால் ஹெல்ப்லைன் நிர்வாகங்களிடம் நான் மன்றாடிக் கேட்பது: அனுப்பிவைத்த கேஸ் என்னவாயிற்று என்று தெரிய வந்தால், பெயரில்லாமல், ஒரு வரியாவது அந்த அழைப்பை எடுத்தவருக்குச் சொல்லுங்கள். "அந்தப் பெண் காப்பகத்துக்கு வந்துவிட்டார்." இந்த ஒரு வரி செய்வதை எந்த அமர்வும் செய்யாது. கெட்ட செய்தியாக இருந்தாலும் நேரில், உட்கார வைத்து, தேவையான அளவு சொல்லுங்கள்.

எனக்கு அழுகையே வரவில்லை. கல்நெஞ்சாகிவிட்டேனா?

இல்லை. சிலருக்கு அழுகை, சிலருக்கு எரிச்சல், சிலருக்கு வெறும் அசதி, சிலருக்கு மூன்று வாரம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் திடீரென்று தொண்டை அடைப்பது. சிலருக்கு எதுவுமே வராது, அவர்கள் நன்றாகவும் இருப்பார்கள். அழாதவரைப் பிடித்து வைத்து அழவைக்கப் பார்க்கிறவர்களிடமிருந்து அவரைக் காப்பாற்றுங்கள்.

அது என் தப்புதானோ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதற்கு "அதெல்லாம் இல்ல, விடு" என்று பதில் சொல்கிறவர்கள் அன்பானவர்கள், ஆனால் அந்தப் பதில் நிற்பதில்லை. வேலையைத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து, அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, கையில் என்ன இருந்தது, சாலை எப்படி இருந்தது என்று வரிசையாகப் பாருங்கள். முடிவு தெரிந்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்திருக்க வேண்டும் போலத் தோன்றும். அப்போது தெரியாது. உண்மையிலேயே ஒரு பிழை இருந்தால் அதையும் பெயர் சொல்லி ஒத்துக்கொண்டு, அடுத்த முறை எப்படி என்று கற்றுக்கொள்ள வழி இருக்க வேண்டும். பிழை செய்தவர்தான் அந்தக் குழுவில் அதிகம் துணை தேவைப்படுபவர்.

எங்கள் ஊரிலேயே நடந்தது. நானும் பாதிக்கப்பட்டவள்தான். என்னை யார் பார்ப்பது?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். உடல்களைத் தூக்கியவர்கள், பெயர் எழுதியவர்கள், முகாமில் கஞ்சி ஊற்றியவர்களிலும் உறவை இழந்தவர்கள் இருந்தார்கள். கிராம செவிலியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் ஷிஃப்ட் முடிந்து போக வேறு ஊர் கிடையாது. அதே தெருவில்தான் வீடு.

நெருக்கடிக் கால மனநலத்துக்காகப் பல சர்வதேச அமைப்புகள் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், உதவிப் பணியாளர்களையே பாதுகாப்பதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது. மிகக் கடுமையான சம்பவத்திலிருந்து மீண்ட ஊழியர் ஒவ்வொருவரையும் 1 முதல் 3 மாதங்கள் கழித்து மனநல வல்லுநர் ஒருவர் தொடர்புகொண்டு விசாரிக்க வேண்டும் என்கிறது அது. எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை. முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். பதினாறாம் நாள் முடிந்தால் வாசலில் செருப்பு குறைந்துவிடும். உண்மையான தனிமை அப்போதுதான் தொடங்குகிறது.

நீங்களும் பாதிக்கப்பட்டிருந்தால், உங்கள் சொந்தக் குடும்பத்தின் கேஸை உங்கள் கையில் வாங்காதீர்கள். பக்கத்து வட்டாரத்திலிருந்து ஆள் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தூக்கம் வரவில்லை. மாத்திரை போடலாமா? ஒரு குவார்ட்டர் போட்டால் தூங்கிவிடுகிறேனே?

முதல் சில இரவுகள் தூக்கம் கெடுவது இயல்பு. மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதிர்ச்சிக்குப் பிறகான முதல் மாதத்தில் பென்சோடயாசெபின் வகைத் தூக்க மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று 2013-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. பழக்கமாகிவிடும் மருந்துகள் அவை. குடியும் அப்படித்தான். சீக்கிரம் கண்ணை மூட வைத்து, நடு இரவில் எழுப்பிவிடும். டூட்டி முடிந்ததும் நேராக டாஸ்மாக் போகும் நண்பரை நக்கல் செய்யாமல் அவர்கூட நடந்து வாருங்கள், வேறு பக்கமாக.

எத்தனை நாள்வரை பொறுக்கலாம்? எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

பெரும்பாலானோருக்கு நாலு வாரத்துக்குள் காட்சிகளின் கூர்மை மழுங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அதே கனவு, சைரன் கேட்டாலே உடல் தூக்கிப்போடுவது, அந்தச் சாலையைச் சுற்றிப் போவது, வீட்டில் யாரோடும் ஒட்டாமல் இருப்பது தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இதற்குப் பலனளிக்கும் சிகிச்சைகள் இருக்கின்றன.

இதற்கு மட்டும் ஒரு மாதம் காத்திருக்காதீர்கள்: உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே, அந்த மணி நேரமே பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986 முதல் 'சிநேகா' இந்தப் பணியைச் செய்துவருகிறது. தினமும் மற்றவர்களுக்கு இந்த எண்களைக் கொடுக்கும் நாம், நமக்கென்று அழைக்கத் தயங்குகிறோம். எதிர்முனையில் இருப்பவர் நம்மைப் போல ஒருவர்தான், நாம் யாரையும் இளக்காரமாக நினைத்ததில்லையே.

எங்கள் இடத்தில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஒப்பந்த வேலை வேறு. இதையெல்லாம் கேட்டால் "இவங்க தாங்க மாட்டாங்க" என்று கழித்துவிடுவார்களோ?

அந்தப் பயம் நியாயமானது, தனியாகக் கேட்காதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து, எழுத்தில், சின்னதாகக் கேளுங்கள். ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம் இரண்டு அணியும் ஒன்றாக இருக்கும்படி பட்டியல் போடச் சொல்லுங்கள். கடுமையான கேஸ் என்று எவற்றைச் சொல்வது (குழந்தை மரணம், சக ஊழியருக்கு அடி, தாக்குதல், தெரிந்தவரின் கேஸ்) என்று முன்பே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அப்போது "எனக்கு வேண்டும்" என்று யாரும் கை தூக்க வேண்டியதில்லை, கேஸே அதைத் தொடங்கிவைக்கும். புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பழையவரைத் துணைக்குப் போடச் சொல்லுங்கள்.

ஒரு மையத்தில் பெண்கள் சேர்ந்து கேட்டு வாங்கியது, பழைய பதிவேடுகள் அடுக்கியிருந்த ஓர் அறையின் சாவியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களே தூசி தட்டினார்கள். இப்போது அங்கே ஒரு பாய், ஒரு மண்பானைத் தண்ணீர், ஒரு மின்விசிறி, உள்ளே தாழ்ப்பாள். கதவில் எதுவும் எழுதவில்லை. உள்ளே ஆள் இருந்தால் யாரும் தட்டுவதில்லை.